வெல்வெட்டா, ஜாக்கித் தொப்பியா, டயலா: குதிரையேற்ற ஹெல்மெட் வாங்கப் போகிறவர்களுக்கு

சேணம், பூட்ஸ், கடிவாளம் என்று எதை வாங்கினாலும், சலித்துப்போனால் பாதி விலைக்காவது யாரிடமாவது தள்ளிவிடலாம். ஹெல்மெட்டை அப்படி விற்க முடியாது, செகண்ட் ஹேண்டில் வாங்கவும் கூடாது. எனக்கும் மகளுக்கும் ஆளுக்கொன்று வாங்க உட்கார்ந்தபோது, கடைசியில் முடிவைத் தீர்மானித்தது இந்த விஷயம்தான்.

முதலில் ஒன்றைக் கழித்துவிடலாம். சென்னையில் சவாரி கற்க வருகிறவர்கள் பலர் வீட்டில் இருக்கும் டூ வீலர் ஹெல்மெட்டையோ சைக்கிள் ஹெல்மெட்டையோ எடுத்துக்கொண்டு வருகிறார்கள். முதலாவது கனம்; காதையும் அடைத்துவிடும், பின்னால் வரும் குதிரையின் சத்தம் கேட்காது. இரண்டாவது, பின்மண்டையை அவ்வளவு கீழே வரை மூடாது. அப்புறம், குதிரையிலிருந்து விழுகிறவர் தலை சமதரையில்தான் மோதும் என்று சொல்ல முடியாது. வேலிக் கட்டையின் விளிம்பில் மோதலாம், லாடத்தில் மோதலாம். அதனால்தான் ஏஎஸ்டிஎம் எஃப்1163 என்ற அமெரிக்கத் தரச் சோதனையில் ஹெல்மெட்டைத் தட்டையான இரும்பின் மேலும், கூர்விளிம்புள்ள இரும்பின் மேலும் போட்டுப் பார்க்கிறார்கள்.

இனி மூன்று வகை. வெல்வெட் அல்லது தோல் போர்த்திய, போட்டிக்களத்து அழகு கொண்ட விலை உயர்ந்தது ஒன்று. முன்விளிம்பு இல்லாத உருண்டையான ஜாக்கித் தொப்பி ஒன்று. தலை அளவுக்கு இறுக்கப் பின்னால் திருகு (டயல்) வைத்து, காற்றுத்துளை போட்டு வரும் லேசான டயல் ஹெல்மெட் ஒன்று. நாங்கள் வாங்கியது மூன்றாவது.

வெல்வெட் தொப்பியின் கதை கொஞ்சம் வேடிக்கையானது. அந்தக் காலத்து வேட்டைத் தொப்பி பார்வைக்கு ஹெல்மெட், உள்ளே மோதலைத் தாங்க ஒன்றும் பெரிதாகக் கிடையாது. நாடிக்கு எலாஸ்டிக் கயிறு. டிரஸாஜ், அதாவது குதிரையை அடவுபோல நடத்திக்காட்டும் போட்டியின் வீரர்கள், அதுகூட இல்லாமல் உயரமான பட்டுத் தொப்பியில் வந்தார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஆடிய கோர்ட்னி கிங்-டை 2010 மார்ச்சில் பயிற்சியின்போது குதிரை இடறி விழுந்தார். தலையில் ஹெல்மெட் இல்லை. மண்டையோடு உடைந்து வாரக்கணக்கில் கோமாவில் கிடந்தார். அதன் பிறகுதான் அங்கே ஹெல்மெட் பிரசாரம் சூடு பிடித்தது. 2012 லண்டனில் சார்லட் டுஜார்டின் ஹெல்மெட் போட்டுக்கொண்டே தங்கம் வென்றார். 2021 முதல் சர்வதேசப் போட்டிகளில் பட்டுத் தொப்பிக்கு இடமே இல்லை. இன்றைய சாம்ஷீல்டு, கெப் இத்தாலியா போன்ற விலை உயர்ந்த பிராண்டுகள் உள்ளேயும் உருப்படியானவைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சில ஆயிரங்களில் கிடைக்கிற டயல் ஹெல்மெட்டும் அதே தரச் சோதனையைத் தாண்டித்தான் வருகிறது. மீதிப் பணம் பெரும்பாலும் தோலுக்கும் தையலுக்கும் பெயருக்கும். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் 2022 கடைசியில் குதிரையேற்ற ஹெல்மெட்டுகளுக்கு நட்சத்திர மதிப்பீடு கொடுக்க ஆரம்பித்தபோதும், விலை கூடினால் நட்சத்திரம் கூடும் என்று தெரியவில்லை.

ஜாக்கித் தொப்பி நல்ல பொருள். வெட்டவெளியில் தடைகளைத் தாண்டி ஓடும் கிராஸ் கன்ட்ரிக்குப் பிரிட்டனில் முன்விளிம்பு ஓட்டோடு அசையாமல் பிணைந்திருக்கும் ஹெல்மெட்டை அனுமதிக்க மாட்டார்கள். முகம் குப்புற விழுந்தால் அந்த விளிம்பே தரையில் குத்தித் தலையைப் பின்னால் நெம்பும். ஆனால் இதில் பெரும்பாலும் டயல் கிடையாது, தலை அளவுக்குச் சரியாகப் பார்த்து வாங்க வேண்டும். வளரும் பிள்ளைக்கு இது கட்டுப்படியாகாது. காற்றுத்துளையும் பெரும்பாலும் இருக்காது. சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் போட்டுப் பாருங்கள், தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எந்த வகையானாலும் உள்ளே உயிரைக் காப்பாற்றுவது கெட்டியான தெர்மோகோல்தான். மோதும்போது அது நசுங்குகிறது, அந்த நசுங்கலில்தான் வேகம் கரைகிறது. நசுங்கிய இடம் திரும்ப எழும்பாது. அதாவது ஒரு பலமான அடிக்கு ஒரு ஹெல்மெட். போன மழைக்காலத்தில் மகள் ட்ராட்டில் (குதிரையின் மெதுவோட்டத்தில்) போகும்போது அங்கவடி நழுவி, வளாகத்து வேலிக் கட்டையில் தலை பட விழுந்தாள். எழுந்து உடையைத் தட்டிவிட்டுத் திரும்ப ஏறப் போனாள். ஹெல்மெட்டின் வெளியே நகம் கீறியது போல ஒரு கோடு, அவ்வளவுதான். உள்துணியைப் பிய்த்துப் பார்த்தால் காதுக்கு மேலே மயிரிழை போல ஒரு விரிசல், பக்கத்தில் விரல் நுனி அளவுக்குப் பள்ளம். “துடைச்சுட்டுப் போட்டா போச்சுக்கா” என்றார் லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் சைஸ். நாடி வாரை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, அந்த வாரமே புதிது வாங்கினேன். விலை அதற்கு இடம் கொடுத்தது.

அதே லாயத்தில் சவாரி செய்யும் ஒருவர் நாற்பதாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கியதைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை விழுந்துவிட்டார். இன்னும் அதையேதான் போடுகிறார். கேட்டால், “வெளியில ஒண்ணும் ஆகலையே.” அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அந்த விலைக்கு எனக்கும் கை வராது. விழாவிட்டாலும்கூட ஐந்து வருடத்துக்கொரு முறை மாற்றச் சொல்கிறார்கள். நம் ஊர் வியர்வையும், வெயிலில் காரின் பின்சீட்டில் கிடப்பதும் அதற்கு நல்லதல்ல. ஆக, தூக்கிப் போட மனசு வருகிற விலையில், தரச் சீட்டு ஒட்டியதாக வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி. சீட்டில் ஏஎஸ்டிஎம் எஃப்1163, பிரிட்டனின் பிஏஎஸ் 015, ஐரோப்பாவின் விஜி1 இவற்றில் ஒன்று இருந்தால் போதும். ஈஎன் 1384 என்ற ஐரோப்பியத் தரம் மட்டும் இருந்தால் வருடத்தைப் பாருங்கள். பழைய பதிப்பை விலக்கிக்கொண்டுவிட்டார்கள்; 2023 பதிப்பா என்று பாருங்கள்.

டயலில் ஒரு குறை உண்டு. ஓடு பெரிதாக இருந்தும் திருகை இறுக்கிச் சமாளிக்கலாம் என்று ஆசை வரும். திருகாமலேயே தலையில் நிற்க வேண்டும். குனிந்து ஆட்டினால் நெற்றித் தோலும் கூட அசைய வேண்டும். டயல் மிச்ச இடைவெளிக்குத்தான்.

மிப்ஸ் பற்றிக் கேட்பார்கள். சாய்வாக மோதும்போது மூளை சுழல்வதைக் குறைக்க உள்ளே வழுக்கும் ஒரு படலம்; ஸ்வீடனில் உருவானது. அது முதலில் வந்ததே 2007இல் ஒரு குதிரையேற்ற ஹெல்மெட்டில்தான், சைக்கிளுக்கெல்லாம் பிறகு. நான் போட்டு விழுந்ததில்லை, அதனால் அனுபவமாக எதுவும் சொல்ல முடியாது. கையில் எடுத்துப் பார்த்தவரை கனம் கூடியதாகத் தெரியவில்லை. டயல் வகையில் கொஞ்சம் கூடுதல் விலைக்குக் கிடைத்தால் அடுத்த முறை அதைத்தான் எடுப்பேன். மகள் கிராஸ் கன்ட்ரி பக்கம் போக ஆசைப்படுகிறாள். அப்போது ஜாக்கித் தொப்பியும் ஒன்று வாங்க வேண்டியிருக்கும், அவள் தலை வளர்ந்து நின்ற பிறகு.