கிரேப் மிர்ட்டிலின் தலையை வெட்டாதீர்கள்: பத்து வருட அனுபவம்

டல்லாஸுக்கு வடக்கே பிளேனோவில் நாங்கள் வீடு வாங்கியது 2015-இல். அந்த நவம்பரிலேயே இரண்டு கிரேப் மிர்ட்டில் கன்றுகள் நட்டேன். முன்வாசலில் வெள்ளைப் பூ பூக்கும் நாட்செஸ், பின்பக்க வேலியோரம் சிவப்புப் பூ பூக்கும் டைனமைட். இந்த ஊர்ப் பக்கம் இந்த மரம் இல்லாத தெருவைப் பார்ப்பதே அபூர்வம். 1997-இல் இதை டெக்சாஸின் மாநிலப் புதர்ச்செடியாகவே அறிவித்திருக்கிறார்கள். ஜூனில் வந்திருந்த அம்மா, பூவைப் பார்த்ததுமே "இது நம்ம பூமருது மாதிரியில்ல இருக்கு!" என்றார். அவர் சொன்னது சரிதான். இரண்டும் ஒரே பேரினம். பூமருதின் பூ பெரியது, இதன் பூ சின்னது. கசங்கிய பட்டுத்துணி போல இதழ் சுருங்கியிருக்கும்.

நட்டதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இங்குள்ள மண்ணும் கரிசல்தான். கோடையில் கோவில்பட்டிப் பக்கம் போலவே பாளம் பாளமாக வெடிக்கும். குழியை ஆழமாகத் தோண்டாமல் அகலமாகத் தோண்டினேன். வேர்க்கட்டியின் மேல்மட்டம் தரைமட்டத்திலேயே இருக்கட்டும் என்று விட்டேன். முதல் இரண்டு கோடைகளில் வாரம் ஒருமுறை நன்றாக ஊறும்படி தண்ணீர், சுற்றிலும் மரச்சில்லு மூடாக்கு, அவ்வளவே. உரம் போட்டதே இல்லை. புல்வெளிக்குப் போடும் நைட்ரஜன் உரம் வேருக்குப் போனால் இலை தழைக்கும், பூ குறையும். முக்கியம் வெயில்தான். ஆறு மணி நேர நேர்வெயில் இல்லாத இடத்தில் இதை வைக்கவே வேண்டாம்.

இனி கவாத்து. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2018 பிப்ரவரியில் தோட்டவேலைக்கு வந்தவர்கள் நாட்செஸை வெட்டவா என்று கேட்டார்கள். தெருவில் எல்லா வீட்டு மரமும் தோள் உயரத்துக்கு வெட்டப்பட்டிருந்ததால் நானும் சரி என்றேன். ஒரே மணி நேரத்தில் நாலு தண்டுகளும் மொட்டைக் கம்புகளாக நின்றன. இதற்கு இங்கே 'கிரேப் மர்டர்' என்றே பெயர் உண்டு என்பது அப்புறம்தான் தெரிந்தது. வசந்தத்தில் ஒவ்வொரு வெட்டுவாயிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு மிலாறுகள் கிளம்பின. பூங்கொத்து என்னவோ பெரிதாகத்தான் வந்தது. ஆனால் ஒரு மழை பெய்ததும் எல்லாம் வளைந்து தரையைத் தொட்டன.

இந்த மரம் அந்தந்த வருடத்துப் புதுக் கிளையில்தான் பூக்கும். அதனால் வெட்டினால்தான் பூக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. வெட்டாமல் விட்டாலும் ஒவ்வொரு நுனியிலும் புதுக் கிளை வரத்தான் செய்யும்.

மீட்க ஐந்து குளிர்காலம் ஆனது. வெட்டிய இடத்தில் புடைத்திருந்த ஒவ்வொரு முடிச்சிலும் வலுவான இரண்டு மிலாறுகளை மட்டும் விட்டு மற்றவற்றை அடியோடு எடுத்தேன். இப்போது பிப்ரவரிக் கடைசியில் செய்வதெல்லாம் உரசும் கிளை, உள்நோக்கி வளரும் கிளை, தூரில் முளைக்கும் தளிர் ஆகியவற்றை எடுப்பது மட்டுமே. பென்சிலை விடத் தடித்த எதையும் யோசிக்காமல் வெட்டுவதில்லை.

வெட்டத் தூண்டுவது பெரும்பாலும் இடப் பற்றாக்குறைதான். நாட்செஸ் 25 அடிக்கு மேல் போகும். ஜன்னலுக்குக் கீழே அதை வைத்துவிட்டு வருடா வருடம் தண்டிப்பதில் என்ன நியாயம்? இடம் குறைவென்றால் பத்தடியோடு நிற்கும் அகோமா போன்ற ரகம் வாங்குங்கள். இந்த ரகங்களை உருவாக்கியவர் வாஷிங்டனிலுள்ள தேசிய மரப்பூங்காவின் டொனால்ட் ஈகால்ஃப். ஜப்பானின் யாகுஷிமா தீவு இனத்தோடு கலந்து, சாம்பல் நோயைத் தாங்கும் மரங்களைக் கொண்டுவந்தார். அமெரிக்கப் பழங்குடிகளின் பெயர்களையே அவற்றுக்கு வைத்தார். என் நாட்செஸில் பத்து வருடத்தில் சாம்பல் நோயைப் பார்த்ததே இல்லை.

பட்டைச் செதில் பூச்சி மட்டும் விடவில்லை. அமெரிக்காவில் அது முதலில் 2004-இல் தெரியவந்தது எங்கள் பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில்தான். 2019-இல் என் மரத்தின் கிளைக் கவட்டில் வெள்ளைப் பஞ்சு போல ஏதோ ஒட்டியிருந்தது. நசுக்கினால் இளஞ்சிவப்பாகக் கசிந்தது. அடுத்த சில வாரங்களில் தண்டெல்லாம் கரும்பூசணம். மென்மையான பிரஷ்ஷும் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரும் கொண்டு தேய்த்துக் கழுவினேன். குளிர்காலத்தில் தோட்டக்கலை எண்ணெய் தெளித்தேன். வேரில் ஊற்றும் மருந்து வேகமாகக் கேட்கும் என்றார்கள். ஆனால் அந்த மருந்து பூ வரை ஏறும். மகரந்தத்துக்காகத் தேனீக்கள் மொய்க்கும் மரம் இது, மனம் வரவில்லை. பொறிவண்டின் புழுவும் வெள்ளை மெழுகோடு இந்தப் பூச்சி போலவே இருக்கும். அது ஊர்ந்து திரியும், செதில் பூச்சியைத் தின்னும். அதைக் கழுவித் தள்ளிவிடாதீர்கள்.

2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டல்லாஸில் வெப்பநிலை மைனஸ் 2 ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கியது, செல்சியஸில் மைனஸ் 19. மார்ச்சில் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். நாட்செஸில் பச்சை. டைனமைட்டில் தரைவரை பழுப்பு. பிடுங்கிவிடலாம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நான் மே வரை பொறுத்தேன். தூரிலிருந்து சிவந்த தளிர்கள் கூட்டமாக வந்தன. ஒட்டுக்கன்று இல்லை என்பதால் அதே ரகம்தான். மூன்றை மட்டும் வளரவிட்டேன். 2023 கோடையில் வேலியைத் தாண்டிச் சிவப்பாகப் பூத்தது.

பூ இல்லாத மாதங்களிலும் நாட்செஸைப் பார்க்கப் பிடிக்கும். பட்டை உரிந்து உள்ளே லவங்கப்பட்டை நிறத்தில் வழவழவென்று இருக்கும். ஜப்பானியர் இந்த மரத்தை 'குரங்கு வழுக்கும் மரம்' என்கிறார்கள். டிசம்பரில் இலை கொட்டிய பிறகு அந்தத் தண்டைக் கையால் தடவிக்கொண்டே போனால், தோள் உயரத்தில் 2018-இன் முடிச்சுகள் இன்னும் தட்டுப்படுகின்றன.