உசிலம்பட்டிக் கண்மாயும் கியூஜிஐஎஸ்ஸும்

உசிலம்பட்டிப் பக்கத்துக் கண்மாய்களின் எல்லை ஷேப் ஃபைலாக, அதாவது வரைபட மென்பொருள்கள் படிக்கும் கோப்பாக, இருந்தது. கூகுள் எர்த்தில் பார்ப்பதற்காக மதுரையில் ஒரு கடையில் காசு கொடுத்து மாற்றினேன். திறந்தால் கண்மாய்கள் இலங்கைக்குக் கிழக்கே நடுக்கடலில் மிதக்கின்றன!

அப்புறம்தான் இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை இறக்கினேன். 78 பாகை தீர்க்கரேகை உசிலம்பட்டிக்கும் மதுரைக்கும் நடுவே ஓடுகிறது. உலகை நெடுக்குப் பட்டைகளாகப் பிரித்து இடம் குறிக்கும் யூடிஎம் முறையில் அதுதான் எல்லை: மதுரைக்கு மண்டலம் 44, உசிலம்பட்டிக்கு 43. கடையில் 44 போட்டுவிட்டார்கள். 43 என்று திருத்தி, கூகுள் எர்த்துக்குரிய அட்சரேகை-தீர்க்கரேகை முறையான டபிள்யூஜிஎஸ் 84-க்கு மாற்றி, அது திறக்கும் கேஎம்எல் கோப்பாகச் சேமித்தேன். கண்மாய்க் கரை மேலேயே கோடு கச்சிதமாக உட்கார்ந்தது. தமிழ்ப் பெயர்கள் முதலில் கிறுக்கலாக வந்தன. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையைத் தேர்ந்தெடுத்ததும் சரி. மெனுக்கள்தான் மாசி வீதி நெரிசல். எனக்கு இரண்டு ராத்திரி பிடித்தது. ஆனாலும் இனி அந்தக் கடைப் படி ஏற மாட்டேன்.