ஸ்ட்ரிப்பா, லேபா, டேப்பா?

தக்கலையில் பெரியப்பாவுக்கு யூரிக் அமிலக் கல் வந்ததிலிருந்து, வீட்டில் சிறுநீர் ஸ்ட்ரிப் டப்பா ஒன்று இருக்கிறது. ஒருநாள் காலை மைனியும் சும்மா ஒன்றை நனைத்துப் பார்த்திருக்கிறார். பிஎச் 5 (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). "அப்போ எனக்கு இன்சுலின் எதிர்ப்பு இருக்கா?" என்று ஒரே கவலை.

கேள்வியில் விஷயம் இல்லாமல் இல்லை. சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்றும்போது அம்மோனியாதான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த அம்மோனியா உற்பத்தியை இன்சுலினும் தூண்டுகிறது. உடம்பு இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காவிட்டால் (இதுதான் இன்சுலின் எதிர்ப்பு) உற்பத்தி குறைந்து, சிறுநீரின் பிஎச் இறங்கும். 5.5-க்குக் கீழே யூரிக் அமிலம் கரையாமல் படியத் தொடங்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த வகைக் கல் அதிகம் வருவது இதனால்தான்.

ஆனால் இதைத் திருப்பிப் போட முடியாது. முந்தின இரவு மரச்சீனியோடு சாளைக் கறியை ஒரு பிடி பிடித்தாலும் பிஎச் இறங்கும். காலை முதல் சிறுநீர் இயல்பாகவே அமிலம் கூடியது; சாப்பிட்ட பின் கொஞ்சம் ஏறும். காய்கறி, பழம் நிறையச் சாப்பிட்டாலும் ஏறும். சில கிருமித் தொற்றிலோ 7-ஐயும் தாண்டும். இத்தனை பேர் கை வைக்கும் எண்ணை நம்பி இன்சுலினைப் பற்றி எப்படிச் சொல்வது?

லேபில் வெறும்வயிற்று இன்சுலினையும் சர்க்கரையையும் பெருக்கி 405-ஆல் வகுத்து ஒரு எண் தருவார்கள். ஹோமா என்று பெயர். எண் கூடினால் எதிர்ப்பும் கூடுதல். ஸ்ட்ரிப்பைவிட எவ்வளவோ நேரடியானது. ஆனால் இன்சுலின் அளவு லேபுக்கு லேப் மாறும், எல்லாரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடும் இல்லை. முதல் அடிக்கே இது தேவையா என்பது என் சந்தேகம்.

என் ஓட்டு தையல் டேப்புக்கு. இன்சுலின் எதிர்ப்பு பெரும்பாலும் வயிற்றுக் கொழுப்போடு சேர்ந்தே வருவதால், இடுப்புச் சுற்றளவே முதல் துப்பு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். நம்மூர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. தாண்டினால் கவனிக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு அளக்கக் கூடாது (பெரியப்பா அப்படித்தான் அளந்தார்).

ஸ்ட்ரிப் டப்பா பெரியப்பாவுக்கே இருக்கட்டும். சிறுநீரின் அமிலத்தைக் குறைக்கும் பொட்டாசியம் சிட்ரேட் மருந்து குடிப்பவர் அவர். பிஎச் 6-க்கும் 6.5-க்கும் நடுவே நிற்கிறதா என்று பார்க்க அதைவிட எளிய வழியில்லை. 7-ஐத் தாண்டினால் வேறு வகைக் கல் வரக்கூடும்.

மைனிக்கு டேப் 86 காட்டியது. திங்கட்கிழமை வெறும்வயிற்றோடு ரத்தம் கொடுக்கப் போகிறோம். முதலில் சர்க்கரையும் கொழுப்பும் மட்டும்.