இல்ஃபோர்ட் ஹெச்பி5 ப்ளஸ்: மயிலாப்பூர் வெயில்ல ஆறு ரோல் அடிச்சாச்சு

முதல்லயே சொல்லிடறேன், நல்ல கருப்பு வெள்ளை ஃபிலிம், தாராளமா வாங்கலாம். ஆனா “400 ஸ்பீடுப்பா (வெளிச்சத்தை வாங்கற வேகம்), எப்படி எடுத்தாலும் வரும்”னு சொல்லுவாங்க பாருங்க, அதை நம்பி ஒன்றரை ரோல் காலி பண்ணவன் நான். வெளிச்சம் ஜாஸ்தியா விட்டா தாங்கும், கம்மியா விட்டா சுத்தமா தாங்காது. அவ்ளோதான் மேட்டர்.

என்கிட்ட இருக்கறது பழைய நிக்கான் எஃப்எம்2, 35 எம்எம் லென்ஸ். மாட வீதியில ஒரு பாட்டி நீல தார்ப்பாய்க்கு கீழ உக்காந்து பூ கட்டிட்டு இருந்தாங்க, பின்னாடி ரோட்டுல பளீர்னு வெயில், வேட்டி கட்டுன ரெண்டு பேர் நடந்து போறாங்க. பாட்டியை இடது ஓரத்துல வெச்சேன், ஃப்ரேம் பிரமாதம்னு எனக்கே ஒரு பூரிப்பு, வெளிச்சம் அளக்கற மீட்டர்ல ‘சரி’ன்னு சைபரும் எரியுது, அடிச்சுட்டேன். இந்த கேமரா மீட்டர் நடு வட்டத்துக்குத்தான் 60 சதவீதம் வெயிட் குடுக்கும், நடுவுல இருந்ததோ ரோடு. கழுவி பாத்தா நெகட்டிவ்ல பாட்டி இருந்த இடம் வெறும் கண்ணாடி மாதிரி காலியா இருக்கு, ஸ்கேன்ல எவ்ளோ இழுத்தாலும் மண்ணு மாதிரி கிரெய்ன்தான் வருது. எக்ஸ்போஷர் தப்பானதே கம்போசிஷனாலதான்!

அப்புறம் முறையை மாத்துனேன். வெயிலுக்கு ஷட்டர் 1/500 செகண்ட், லென்ஸ் துவாரம் எஃப்16. தார்ப்பாய் நிழலுக்கு, நிழல்லயே கையை நீட்டி உள்ளங்கையில மீட்டர் பாத்து ஒரு ஸ்டாப், அதாவது ரெண்டு மடங்கு வெளிச்சம், கூட விட்டேன் (உள்ளங்கை கொஞ்சம் வெளுப்பு இல்லையா), 1/250, எஃப்5.6 வந்துச்சு. நாலு ஸ்டாப் வித்தியாசம். தெருவுக்குள்ள நுழையும்போதே இந்த ரெண்டு செட்டிங்கையும் மனசுல வெச்சுக்கிட்டா அப்புறம் கண்ணு ஃப்ரேம்ல மட்டும் இருக்கும். எஃப்16ல 3 மீட்டர்ல ஃபோகஸ் வெச்சுட்டா 1.4 மீட்டர்ல இருந்து தூரம் முழுக்க ஷார்ப்பு, எஃப்5.6 வந்ததும் அது 2ல இருந்து 5 மீட்டர்னு சுருங்கிடும், அதனால நிழல்ல எடுக்கும்போது தூரத்தை கொஞ்சம் கவனிச்சு நிக்கணும்.

ரெண்டாவது தடவை நிழல் செட்டிங்ல அதே இடத்துல அடிச்சேன், வெயில் பக்கம் ரொம்ப வெளுத்துடக் கூடாதுன்னு டெவலப்பிங் ஒன்றரை நிமிஷம் குறைச்சேன். பாட்டி விரல்ல சுத்தியிருந்த வாழைநார் வரைக்கும் தெரியுது! வேட்டி மடிப்பு ஸ்கேனர்ல கொஞ்சம் போராடித்தான் வந்துச்சு, ஆனா வந்துச்சு. இதுக்குத்தான் இந்த ஃபிலிமுக்கு காசு குடுக்கறோம். கான்ட்ராஸ்ட் கொஞ்சம் மந்தமா இருக்குன்னு சிலர் திட்டுவாங்க, நம்ம ஊரு உச்சி வெயில் குடுக்கற கான்ட்ராஸ்ட்டே போதும்ங்க, ஃபிலிம் வேற சேர்க்கணுமா.

சில சமயம் வேணும்னே வெயிலுக்கு செட் பண்ணி நிழலை இருட்டா விட்டுடுவேன். குப்பைத்தொட்டி, பைக், ஃப்ளெக்ஸ் பேனர் எல்லாம் கருப்புல முழுகிடும், வெளிச்சத்துல நடக்கற ஆள் மட்டும் மிச்சம். அது ஒரு சுகம்.

குறைன்னா விலைதான், கடைசியா வாங்குனப்போ ரோல் ஆயிரத்தை தாண்டிடுச்சு, 36 ஷாட்டுக்கு. கத்துக்கற ஸ்டேஜ்னா இதே கம்பெனியோட கென்ட்மியர் 400 போதும், விலை கம்மி. வீட்டுல கழுவறவங்க ஐஸ் வாங்கி வெச்சுக்கோங்க, டி-76 டெவலப்பரை தண்ணியோட ஒண்ணுக்கு ஒண்ணு கலந்து 20 டிகிரியில 11 நிமிஷம்ங்கறது கணக்கு, நம்ம குழாய்த் தண்ணி மே மாசத்துல எந்த டிகிரியில வரும்னு உங்களுக்கே தெரியும்.

அறுபத்துமூவருக்குன்னு ரெண்டு ரோல் ஃப்ரிட்ஜ்ல தயிர் டப்பாவுக்கு பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கேன், அம்மா இன்னும் பாக்கல.