வீட்டில் பாக்ஸிங்: சீக்கிரம் சலிக்கிறவர்களிடம் எது நிலைக்கிறது, எது பரணுக்குப் போகிறது

பாக்ஸிங் ஆசை வந்ததும் முதலில் வாங்குவது கிளவுஸும் தொங்கவிட்டுக் குத்தும் பையும்தான். பத்து நிமிடம் ஒரே வேலையில் மனம் நிற்காதவர்களுக்கு இது தலைகீழ் வரிசை. முதல் மாதத்துக்கு ஆறடிக்கு ஆறடி இடம், செல்போனில் ஒரு இன்டர்வெல் டைமர், லூடோ பெட்டியில் கிடக்கும் ஒரு பகடை, இவ்வளவு போதும். மற்றதெல்லாம் அப்புறம்.

தொழில்முறை ஆண்கள் போட்டியில் ஒரு ரவுண்டு 3 நிமிடம், இடைவேளை 1 நிமிடம். வீடியோ பயிற்சிகளில் நிறைய பேர் அதையே அப்படியே வைக்கிறார்கள். புதியவருக்கு ஒரு நிமிடத்துக்குள் கை தாடையை விட்டு இறங்கிவிடும், மனம் அதற்கும் முன்பே கிளம்பியிருக்கும். டைமரில் 1 நிமிட ரவுண்டு, 30 நொடி ஓய்வு, மொத்தம் 6 ரவுண்டு என்று வையுங்கள். எட்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். "இவ்வளவுதானா" என்று தோன்றினாலும் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். கடைசி பத்து நொடியிலும் இரண்டு முஷ்டியும் தாடையோரம் நிற்கிற நாள் வந்த பிறகு ரவுண்டை ஒன்றரை நிமிடமாக்கலாம்.

நிற்கும் நிலைக்குத் தரை டைல்ஸ் கோடே அளவுகோல். வலது கைக்காரர் இடது காலைக் கோட்டுக்கு இடப்புறம் முன்னால் வைத்து, கட்டைவிரல் கோட்டைத் தொடும்படி நிற்க வேண்டும். வலது கால் கோட்டுக்கு வலப்புறம் பின்னால், குதிகால் கோட்டைத் தொடும்படி. இரண்டு காலும் ஒரே கோட்டின் மேல் வந்துவிட்டால் குத்தும்போது பக்கவாட்டில் தள்ளாடும். இடது கைக்காரருக்கு எல்லாம் மாறி வரும்.

யோகா மேட் மேல் நின்று செய்கிறவர்கள் அதிகம். அது பெரிய தப்பு. வலது கையால் கிராஸ், அதாவது பின்கால் பக்கக் கையால் நேர்குத்து, விடும்போது பின்கால் குதி உயர்ந்து வெளிப்பக்கம் திரும்ப வேண்டும், இடுப்பு அதோடு சுழல வேண்டும். மேட் பாதத்தைப் பிடித்துக்கொண்டால் அந்தத் திருகல் முழுக்க முழங்காலில் இறங்கும். பிடிமானம் அதிகமுள்ள ரன்னிங் ஷூவிலும் இதே தொல்லை. வெறுங்கால், இல்லையென்றால் தட்டையான கேன்வாஸ் ஷூ. வியர்வை சொட்டினால் ரவுண்டு நடுவிலேயே தரையைத் துடைத்துவிடுங்கள், டைல்ஸ் வழுக்கும்.

இனி பகடை. பாக்ஸிங்கில் குத்துகளுக்கு எண் உண்டு. முன்கால் பக்கத்துக் கை முன்கை, மற்றது பின்கை. 1 ஜாப் (முன்கையால் நேர்குத்து), 2 கிராஸ், 3 முன்கை ஹூக் (முழங்கை மடக்கிப் பக்கவாட்டில் விடும் குத்து), 4 பின்கை ஹூக், 5 முன்கை அப்பர்கட் (கீழிருந்து மேலே விடும் குத்து), 6 பின்கை அப்பர்கட். பகடையிலும் ஆறே முகம். ஒவ்வொரு 30 நொடி ஓய்விலும் இரண்டு தடவை உருட்டுங்கள். வரிசை எப்போதும் 1-இல் தொடங்கட்டும், பின்னால் பகடை சொன்ன இரண்டு எண். 2-ம் 5-ம் விழுந்தால் 1-2-5. அடுத்த நிமிடம் முழுக்க அது ஒன்றுதான் வேலை.

இதில் ஒரு சிக்கல் வரும். ஒற்றை எண் எல்லாம் முன்கை, இரட்டை எண் எல்லாம் பின்கை. ஒரே கை அடுத்தடுத்து வந்தால் இடுப்பு திரும்பி வர நேரமிருக்காது, இரண்டாவது குத்து வெறும் தோளால் போகும். அதனால் இரட்டைக்குப் பின் இரட்டை வந்தால் நடுவில் ஒரு 1, ஒற்றைக்குப் பின் ஒற்றை வந்தால் நடுவில் ஒரு 2. அதாவது 4, 6 விழுந்தால் 1-4-1-6. 3, 4 விழுந்தால் 1-2-3-4. ஜாப் மட்டும் விதிவிலக்கு, 1-1-1 நன்றாகவே ஓடும். முதல் மாதம் அப்பர்கட் வேண்டாம். 5 விழுந்தால் முழங்கால் மடக்கிக் குனிவது, 6 விழுந்தால் பக்கவாட்டில் ஓரடி நகர்வது என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து என்ன விழும் என்று தெரியாததுதான் இதன் சூட்சுமம். சலிக்கிற மனதை அடுத்த ரவுண்டுக்கு இழுப்பதில் விலை உயர்ந்த கருவிகள்கூட இந்த அளவுக்கு ஈடு கொடுப்பதில்லை.

காற்றில் குத்தும்போது முழங்கையை முழுசாக நீட்டி உதறாதீர்கள், கடைசி இரண்டு அங்குலம் மிச்சம் இருக்கட்டும். மூட்டின் பின்பக்கம் வலி ஆரம்பிப்பது அந்த உதறலில்தான். போன வழியிலேயே முஷ்டி தாடைக்குத் திரும்ப வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொள்வது இன்னொரு பழக்கம். ஒவ்வொரு குத்துக்கும் "உஸ்" என்று சிறிதாக விட்டால் தானாகச் சரியாகும்.

வீடியோவைப் பார்த்துச் செய்வது முதல் வாரத்துக்குச் சரி. பிறகு கழுத்து திரையின் பக்கமே திரும்பி நிற்கும், இடது வலது குழம்பும், நடுவில் விளம்பரம் வந்தால் ஆள் வேறு வீடியோவுக்குப் போய்விடுவார். எண்களைக் குரலில் மட்டும் சொல்லும் ஆடியோ மேல்.

விளக்கு எரிந்து பாட்டுக்கு ஏற்ப அடிக்கச் சொல்லும் சுவர் மெஷின் முதல் இரண்டு மூன்று வாரம் பிரமாதம். அப்புறம் அதை ஏமாற்றக் கை கற்றுக்கொள்ளும். லேசாகத் தட்டினாலே புள்ளி ஏறுகிறது, இடுப்புக்கு வேலையே இல்லை. கூட வரும் பசையை நம்பி டிஸ்டெம்பர் சுவரில் ஒட்டினால் பெயின்ட்டோடு சேர்ந்து உரிந்து விழும். ஸ்குரூ போட வேண்டும், வாடகை வீடென்றால் ஹவுஸ் ஓனரிடம் முதலில் பேசிவிடுங்கள். தலைப்பட்டையில் கட்டும் ரிஃப்ளெக்ஸ் பந்து இதைவிட மலிவு, கண்ணுக்கு நல்ல பயிற்சி. எலாஸ்டிக் நூல் பந்தை ஒட்டிய முடிச்சில்தான் அறும். ஒரு அங்குலம் வெட்டி மறுபடி கட்டினால் தீர்ந்தது. கண்ணாடி அணிகிறவர்கள் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

பை வாங்குவதென்றால் மூன்றாவது மாதத்தில் யோசிக்கலாம். ஃபேன் கொக்கியில் மாட்டவே மாட்டாதீர்கள், ஆடும் 30 கிலோ அதற்கான சுமையல்ல. கான்கிரீட் தளத்தில் ஊஞ்சலுக்கென்று போட்ட உறுதியான கொக்கி துருப்பிடிக்காமல் இருந்தால் உத்தமம். காலிப் பையாக வாங்கி மணல் நிரப்புகிறவர்கள் உண்டு. மணல் கீழே இறங்கிக் கல்லாகிவிடும், மணிக்கட்டு போகும். பழைய வேட்டி, புடவை, பனியனை ஜிப், பொத்தான், கொக்கி எல்லாம் நீக்கித் துண்டு துண்டாக்கி, ஒரு சாண் உயரத்துக்கு ஒருமுறை கட்டையால் இடித்து நிரப்புங்கள். சில வாரத்தில் துணி அமுங்கி மேல்பகுதி தொளதொளக்கும், அப்போது இன்னும் கொஞ்சம் திணிக்க வேண்டியதுதான். மாடி வீட்டில் "தொம் தொம்" சத்தம் சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பையைத் தொட்டால் ஹேண்ட் ராப், அதாவது கிளவுஸுக்குள் கையில் சுற்றும் துணிப்பட்டை, கட்டாயம். 4.5 மீட்டர் நீளமுள்ளது பெரியவர்களுக்குச் சரி. கட்டைவிரல் வளையத்தில் தொடங்கி, மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் முட்டிகளில் மூன்று சுற்று, விரலிடுக்குகள் வழியாக ஒவ்வொன்றாக, மீதியை மணிக்கட்டில். சீக்கிரம் சலிக்கிற ஆளைத் தோற்கடிப்பது குத்து அல்ல, இந்த ராப்தான். துவைத்துச் சுருட்டாமல் போட்டது சிக்கலாகிக் கிடக்கும், அதைப் பிரிப்பதற்குள் ஆசையே போய்விடும். வலைப்பையில் போட்டுத் துவைத்து, காய்ந்ததும் வெல்க்ரோ முனையை உள்ளே வைத்துச் சுருட்டுங்கள். வளையம் வெளியே வரும், அடுத்த நாள் எடுத்தவுடன் கட்டலாம். அதற்கும் பொறுமையில்லை என்றால் ஜெல் வைத்த உள் கிளவுஸ் போடுங்கள். பிடிமானம் குறைவு, ஆனால் அரை நிமிடத்தில் தயார்.

கிளவுஸ் 12 அவுன்ஸ் போதும். எடுத்துப்போகும் பைக்குள்ளேயே பூட்டி வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். துடைத்து, உள்ளே செய்தித்தாள் திணித்து, வாய் விரியத் திறந்து ஃபேன் காற்றில் வையுங்கள். உச்சி வெயிலில் காயப்போட்டால் ரெக்ஸின் வெடிக்கும்.

அடி விழ வேண்டியது ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளில். ஹூக்கில் மணிக்கட்டு மடங்கினால் சுண்டுவிரல் பக்கம் அடிபடும், அங்கேதான் எலும்பு முறிவது வழக்கம். அந்த முட்டி வீங்கி, இரண்டு நாளிலும் வற்றவில்லை என்றால் எண்ணெய் தடவிக்கொண்டு இருக்காமல் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.