ஐடி-ஆர்ட் செயலி: கைப்பேசியில் வைத்திருக்க வேண்டியது, கண்மூடி நம்பக் கூடாதது

பழைய சிலை, ஓவியம், நாணயம், கையெழுத்துப் பிரதி என்று எதையாவது வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள், சின்ன அருங்காட்சியகம் நடத்துகிறவர்கள், வழிபாட்டுத் தலங்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் கைப்பேசியில் போட்டு வைத்துக்கொள்ள வேண்டிய செயலி ஐடி-ஆர்ட். 2021 மே மாதம் பன்னாட்டுக் காவல் அமைப்பான இன்டர்போல் வெளியிட்டது. காசு கிடையாது, ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடும். திருடுபோன கலைப்பொருள்களுக்காக இன்டர்போல் வைத்திருக்கும் தரவுத்தளத்தில் 50,000-க்கும் அதிகமான பொருள்கள் பதிவாகியுள்ளன, அதில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்க இது வழி திறந்துவிடுகிறது. நல்ல செயலி, தாராளமாகப் பரிந்துரைப்பேன். ஆனால் அது தரும் பதிலைத் தப்பாகப் படித்தால் உதவியை விடத் தீங்குதான் அதிகம், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தேடுவது எளிது. பொருளின் படத்தைக் கொடுத்தால் தரவுத்தளத்தில் உள்ள படங்களோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகிறவற்றைக் காட்டும். படம் இல்லையென்றால் என்ன வகைப் பொருள், எதனால் செய்தது என்பது போன்ற விவரங்களைக் கொடுத்தும் தேடலாம். நேரில் பார்த்த பொருளாக இருக்க வேண்டும் என்பதில்லை, இணைய விளம்பரத்தில் வந்த படத்தை வைத்தே தேடலாம் என்பதுதான் இதில் பெரிய விஷயம், ஏனென்றால் இன்றைக்குத் திருட்டுப் பொருள்களில் எவ்வளவோ இணைய ஏலங்களிலும் சமூக வலைத்தளங்களிலும்தான் கைமாறுகின்றன. நெதர்லாந்துக் காவல்துறையின் கலைக்குற்றப் பிரிவு ஓர் ஏல நிறுவனத்தின் இணைய விற்பனைப் பட்டியலை இந்தச் செயலி வழியாகச் சரிபார்த்து, திருடுபோன இரண்டு ஓவியங்களை மீட்டது. இத்தாலியின் கராபினியேரி காவல் படை இரண்டு சிலைகளைக் கண்டுபிடித்ததும் இதை வைத்துத்தான்.

இதனால் சட்டத்திலும் ஒரு பலன் இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. 1970 யுனெஸ்கோ உடன்படிக்கை நாடுகளுக்கு இடையிலானது, கடத்தலைத் தடுப்பதும் திருடுபோனதைத் திருப்பிக் கொடுப்பதும் அரசுகளின் கடமை என்று சொல்கிறது. தெரியாமல் வாங்கியவரின் நிலை என்ன என்பதை விரிவாகப் பேசுவது 1995-இல் ரோமில் உருவான யுனிட்ராய்ட் உடன்படிக்கை (நாடுகளின் தனியார் சட்டங்களை ஒன்றுபடுத்தப் பாடுபடும் அமைப்பு யுனிட்ராய்ட்). திருட்டுப் பொருள் யார் கையில் இருந்தாலும் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும், ஆனால் வாங்கும்போது தகுந்த கவனத்தோடு வாங்கினேன் என்று நிரூபித்தால் நியாயமான இழப்பீடு கேட்கலாம் என்கிறது அது. அந்தக் கவனம் இருந்ததா என்று எப்படிப் பார்ப்பது? விற்றவர் யார், என்ன விலை என்பதோடு, எளிதில் பார்க்கக்கூடிய திருட்டுப் பொருள் பதிவேடுகளைப் பார்த்தாரா என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நான்காவது பிரிவே சொல்லிவிடுகிறது. இலவசமாகக் கைப்பேசியில் கிடைக்கும் பதிவேட்டை விட எளிதில் பார்க்கக்கூடியது வேறென்ன இருக்கிறது? இனி ஒரு வியாபாரி "எனக்குத் தெரியாது" என்று சொன்னால், தேடிப் பார்த்தீர்களா என்று திருப்பிக் கேட்கலாம். அந்த உடன்படிக்கையில் சேராத நாடுகள் நிறைய, பெரிய கலைச்சந்தைகள் உள்ள சில நாடுகளும் அதில் அடக்கம் என்பது வருத்தம்தான், ஆனாலும் வாங்குகிறவரிடம் கேட்கவேண்டிய கேள்வி எங்கேயும் இதுதான்.

சரி, இப்போது அந்தப் பதிலுக்கு வருவோம். தேடினால் எதுவும் கிடைக்கவில்லை என்று வரும். பெரும்பாலான நேரம் அப்படித்தான் வரும். அதைச் சான்றிதழ் மாதிரி எடுத்துக்கொண்டு, "இன்டர்போலில் சரிபார்த்துவிட்டோம், சுத்தமான பொருள்" என்று யாராவது விற்க வந்தால் தயவுசெய்து நம்பாதீர்கள். அந்தத் தரவுத்தளத்தில் ஒரு பொருள் ஏறவேண்டுமென்றால், அது திருடுபோனது யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும், முறையாகப் புகார் ஆகியிருக்க வேண்டும், அடையாளம் காணும் அளவுக்கு விவரம் இருக்க வேண்டும், அந்த நாட்டின் இன்டர்போல் பணியகம் போன்ற அதிகாரப்பூர்வ அமைப்பு அதை அனுப்பியிருக்க வேண்டும். மண்ணுக்கடியில் இருந்து இரவோடிரவாகத் தோண்டி எடுத்த பொருளுக்கு இதில் ஒன்றுமே பொருந்தாது. அது அங்கே இருந்ததே தோண்டியவனைத் தவிர யாருக்கும் தெரியாதே!

எகிப்தின் நெஜெமாங்க் என்ற பூசாரியின் பொன்முலாம் பூசிய சவப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் எகிப்து கொந்தளித்துக் கிடந்த சமயத்தில் களவாடப்பட்டது, 1971-இல் கொடுத்ததாகக் காட்டும் போலி ஏற்றுமதி அனுமதியோடு 2017-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டது, விசாரணைக்குப் பிறகு 2019-இல் எகிப்துக்குத் திரும்பியது. அவ்வளவு பெரிய அருங்காட்சியகமே ஏமாந்த இடம் இது. திருட்டுப் பட்டியலில் ஒரு பொருளின் பெயர் இருக்கிறதா என்ற கேள்வியோடு நிறுத்திக்கொண்டால் இப்படிப்பட்டவை அகப்படாது. எந்த ஆண்டு, எந்த வழியாக வெளியே வந்தது, யார் யார் கையில் இருந்தது, அந்தக் காகிதத்தைக் கொடுத்த அலுவலகம் அதை உண்மையிலேயே கொடுத்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும், அந்த வேலையை எந்தச் செயலியும் செய்து தராது.

என்னைக் கேட்டால், தேடலை விட மதிப்பு மிக்கது இதில் உள்ள பொருள் பட்டியல் வசதி. நம்மிடம் உள்ள பொருள்களை நாமே படமெடுத்து, ஆப்ஜெக்ட் ஐடி என்ற சர்வதேச முறைப்படி பதிந்து வைத்துக்கொள்ளலாம். வகை, செய்பொருள், அளவு, எழுத்துப் பொறிப்புகள், காலம், செய்தவர் என்று அந்த முறை கேட்கும். எல்லாவற்றையும் விட முக்கியமானது தனி அடையாளங்கள்: எங்கே விரிசல், எங்கே ஒட்டியிருக்கிறது, எந்த விரல் உடைந்திருக்கிறது என்பது. ஒரே அச்சில் வார்த்தது போலப் பத்துப் பொருள்கள் இருந்தாலும் உடைந்த இடம் ஒன்றுபோல இருக்காது. கம்போடியாவில் கோ கேர் பகுதியின் பிரசாத் சென் கோயிலில் இருந்து போன துரியோதனன் சிலை நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது, அதன் பாதங்கள் கோயிலில் பீடத்தோடு அப்படியே நின்றிருந்தன. வழக்குக்குப் பிறகு 2014-இல் சிலை நாடு திரும்பியது. எல்லாப் பொருளும் இப்படிப் பாதத்தை விட்டுவிட்டுப் போகாது, ஒரு நல்ல படமும் நாலு வரிக் குறிப்பும்தான் அந்தச் சாட்சியைச் சொல்ல வேண்டும். திருட்டு நடந்த பிறகு படம் தேடுவது வீண், இன்றைக்கே எடுத்து வையுங்கள். பதிவின் ஒரு பிரதியைக் கைப்பேசிக்கு வெளியிலும் வைப்பது நல்லது.

பாரம்பரிய இடங்களின் நிலையை இருப்பிடக் குறிப்போடு பதியும் வசதியும் உண்டு. போர், வெள்ளம், நிலநடுக்கம் வரும் இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு அது பயன்படும்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால், லண்டனில் உள்ள ஆர்ட் லாஸ் ரெஜிஸ்டர் திருடுபோன கலைப்பொருள்களின் பதிவேட்டை நடத்தும் தனியார் நிறுவனம், அங்கே தேடக் கட்டணம் உண்டு. சர்வதேச அருங்காட்சியக மன்றமான ஐகாம் வெளியிடும் சிவப்புப் பட்டியல்கள் திருடுபோன பொருள்களின் பட்டியல் அல்ல, எந்த வகைப் பொருள்கள் ஆபத்தில் இருக்கின்றன என்று காட்டுபவை. ஐடி-ஆர்ட்டில் ஒன்றும் கிடைக்காத நேரத்தில் கட்டாயம் பார்க்க வேண்டியவை அவைதான். 2025-இல் யுனெஸ்கோ திறந்த, திருடுபோன பொருள்களுக்கான மெய்நிகர் அருங்காட்சியகம் பார்க்க அருமையாக இருக்கிறது, ஆனால் அது மக்களுக்குப் புரியவைக்கும் முயற்சி, சரிபார்க்கும் கருவி அல்ல.

குறை என்று சொன்னால் இரண்டு. செயலி பேசும் மொழிகள் கொஞ்சம், பொருள்கள் களவு போகும் கிராமங்கள் பேசும் மொழிகளோ ஏராளம். அடுத்தது, இத்தாலி ஒரு நாடு மட்டும் தன் லியோனார்டோ தரவுத்தளத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட திருடுபோன பொருள்களை வைத்திருக்கிறது, உலகத்துக்கே பொதுவான பட்டியலில் ஐம்பதாயிரம் சொச்சம்தான். செயலியை எவ்வளவு மெருகேற்றினாலும் நாடுகள் விவரம் அனுப்பாமல் இது நிறையாது.

அப்புறம், தேடும்போது ஒத்துப்போகும் பொருள் உண்மையிலேயே கிடைத்துவிட்டால் விற்கிறவரிடம் போய்ச் சொல்லாதீர்கள், விளம்பரத்தின் கீழே கருத்தும் போடாதீர்கள், பொருள் உடனே மறைந்துவிடும். விளம்பரத்தையும் செயலி காட்டிய முடிவையும் ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து, இணைப்பு, தேதி, விற்பவரின் கணக்குப் பெயர் மூன்றையும் குறித்துக்கொண்டு காவல்துறையிடம் கொடுங்கள். இன்டர்போலுக்கென்று தனியாகக் கைது செய்யும் படை கிடையாது, உங்கள் நாட்டுக் காவல்துறைதான் இன்டர்போல் வழியாக மற்ற நாட்டுக்குத் தகவலை எடுத்துப் போக முடியும்.