நரம்புக்கு 'சார்ஜ்' ஏற்றுகிறோம் என்று 21,000 ரூபாய் வாங்கினார்கள்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறாவது வாரம். இடது கை ஓரளவு அசைந்தது, பாதம் மட்டும் தொங்கியபடியே இருந்தது. நடந்தால் கட்டைவிரல் தரையில் உரசும், செருப்பு கழன்று விழும். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, வீட்டுக்கே வந்து, தோலில் பேட் ஒட்டி மெஷினால் லேசாகக் கரண்ட் வைக்கும் ஒரு பிசியோதெரபி சென்டரைப் பிடித்தோம். 30 சிட்டிங், 21,000 ரூபாய், மொத்தத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

வந்த பையன் கெண்டைக்காலில் இரண்டு, தொடையில் இரண்டு என்று பேட் ஒட்டுவான். மெஷினைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து போனை நோண்டுவான். அப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். 20 நிமிடம் ஆனதும் பேட்டை உரித்துப் பையில் போட்டுக் கிளம்பிவிடுவான்.

"ஏதாவது தெரியுதாப்பா?"

"லேசா எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடா."

ஒரு நாளும் பாதம் துடித்து நான் பார்க்கவில்லை. கேட்டால், "நரம்புக்கு சார்ஜ் ஏறணும் சார், மெதுவாத்தான் தெரியும்." நரம்பு என்ன செல்போன் பேட்டரியா?

16வது சிட்டிங் முடிந்து பார்த்தால், கெண்டைக்காலில் பேட்டின் ஓரம் அப்படியே சிவந்து கன்றியிருந்தது. பேட்டில் பசையே காய்ந்து போயிருக்கிறது. உணர்ச்சி மங்கிய கால், அப்பாவுக்குச் சுட்டதே தெரியவில்லை. அன்றோடு நிறுத்தினேன்.

அப்புறம் அரசு மருத்துவமனையில் ஒரு பிசியோ அக்காவிடம் போனோம். நான் எடுத்திருந்த மெஷின் போட்டோவைப் பார்த்ததும், "இது டென்ஸ். வலிக்கு வைக்கிறது. தசை சுருங்குற அளவுக்கு கரண்ட் போனாத்தானே பாதம் தூக்கும்?" என்றார். பேஸ்மேக்கர் இருக்கிறதா, வலிப்பு வந்ததுண்டா என்று அவர்தான் முதலில் கேட்டார். ஸ்ட்ரோக் வந்த அன்று அப்பாவுக்கு ஒருமுறை வலிப்பும் வந்திருந்தது. அந்தப் பையன் இதைக் கேட்கவே இல்லை. இவர் நரம்பியல் டாக்டரிடம் பேசிவிட்டுத்தான் மெஷினைத் தொட்டார்.

முழங்காலுக்கு வெளிப்பக்கம், எலும்பு துருத்தும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு பேட், முன்காலில் ஒன்று. கரண்ட் ஏறியதும் பாதம் வெடுக்கென்று மேலே எழுந்தது. அப்பா பயந்துபோய்ச் சிரித்துவிட்டார். "ஐயா, கரண்ட் வரும்போது நீங்களும் சேர்ந்து தூக்கணும். சும்மா படுத்திருந்தா பிரயோஜனம் இல்ல." 1961-லேயே லிபர்சன் என்ற மருத்துவர் காலணிக்குள் சுவிட்ச் வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்போது மட்டும் கரண்ட் போகும்படி செய்தாராம். நடையோடு சேர்ந்ததுதான் இந்த வைத்தியம் என்று அக்கா விளக்கினார்.

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு முதல் சில மாதங்களில்தான் மீட்சி வேகமாக இருக்கும். அதில் ஏறக்குறைய மூன்று வாரம் விட்டத்தைப் பார்த்தே போய்விட்டது.

மீதி 14 சிட்டிங்குக்குப் பணம் கேட்டேன். மெஷின் தேய்மானம், பெட்ரோல் எல்லாம் போக 1,500 தருகிறோம் என்றார்கள். அதுவும் வரவில்லை, நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். போன வாரம் அதே பையனின் வண்டி அடுத்த தெருவில் நின்றது. அந்த வீட்டு அம்மாவிடம் போய், பேட் ஒட்டியதும் பாதம் எழுகிறதா என்று மட்டும் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.